வாடகை வீட்டுக்குப் புத்தக அலமாரியும் குட்டை மேசையும்: இருபதாயிரம் ரூபாய்க்குள் நாமே செய்துகொள்ள முடியுமா?

கேள்வி: முடிச்சூர்வாசி

வணக்கம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்துக்கு அண்மையில் குடிவந்திருக்கிறோம். கணவர், நான், நான்கு வயது மகள் என மூவர். முன்பிருந்த வீட்டில் கட்டில், அலமாரி எல்லாம் வீட்டுக்காரருடையவை என்பதால் எங்களோடு வந்தவை ஒரு பீரோவும் குளிர்பதனப் பெட்டியும் அட்டைப்பெட்டிகளில் கட்டிய புத்தகங்களும்தாம். புத்தகங்கள் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

எங்களுக்கு உடனடியாக வேண்டியவை நான்கு. புத்தக அலமாரி ஒன்று. கூடத்தில் போட ஒரு குட்டை மேசை. வருபவர்கள் உட்காரவும், ஊரிலிருந்து அம்மா வந்தால் படுக்கவும் ஏற்ற திவான் போன்ற இருக்கை. சன்னல், கதவுகளுக்குத் திரைகள். கையில் இருக்கும் தொகை இருபதாயிரம். கடைகளில் பார்த்தவை பெரும்பாலும் மரத்தூளைப் பசையால் ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. அவற்றின் விலையையும் அடிப்பகுதியின் கனத்தையும் பார்த்தபிறகு நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. எங்களிடம் ஒரு ட்ரில் இயந்திரம் இருக்கிறது. கணவருக்கு மின்வேலைகளில் பழக்கம் உண்டு. மரவேலை இருவருக்கும் புதிது.

சில சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் இந்தத் தெருவில் தண்ணீர் புகுந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். பின்கட்டுக் கதவின் நிலையில் கரையான் மண்கோடும் தெரிகிறது.

பிளைவுட், பழைய மரம், தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேக்கிங் மரம் ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்? இந்த நான்கில் எதை நாங்களே செய்யலாம், எதில் கைவைக்காமல் இருப்பது நல்லது?

மறுமொழி: இழைப்புளி

அம்மா, உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முதலில் விடை காண வேண்டியது. நான்கில் புத்தக அலமாரியையும் மேசையையும் தாராளமாக நீங்களே செய்யலாம், திரைகளைத் தைத்துக்கொள்ளலாம், திவானை மட்டும் பழையதாக வாங்கிவிடுங்கள். அலமாரி நின்ற இடத்தில் நின்று நேராகக் கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்கினால் போதும். கட்டிலோ திவானோ அப்படியல்ல. ஆள் உட்கார்ந்து எழும்போதும் புரளும்போதும் காலும் சட்டமும் சேரும் மூட்டில் பக்கவாட்டு விசை விழுந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்குவதற்குச் சட்டத்தின் முனையில் கழுந்து (நாக்குப் போன்ற நீட்சி) செதுக்கித் துளையில் இறக்கும் இணைப்பு வேண்டும். அது கைப்பழக்கத்தில் மட்டுமே வரும் வேலை. வெறும் திருகாணியை நம்பிச் செய்த கட்டில் சில மாதங்களில் முனகத் தொடங்கும்.

அலமாரிக்கு பிளைவுட் வாங்குங்கள். அதில் பொதுப் பயன்பாட்டுக்கான ஐஎஸ் 303, கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டிய ஐஎஸ் 710 என இரண்டு தர அளவுகளைக் கடையில் சொல்வார்கள். தண்ணீர் புகுந்த தெரு என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் 303 போதும் என்றிருப்பேன். உங்களுக்கு 710 தான் சரி. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பலகையை நிமிர்த்தி வைத்து நான்கு விளிம்புகளையும் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே விரல்நகம் நுழையும் அளவுக்குச் சந்துகள் தெரிந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும், அந்த இடத்தில் திருகாணி பிடிக்காது. பார்ட்டிகிள் போர்டை நீங்கள் தவிர்த்தது நல்லது. அதன் விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். ஊதியது மறுபடி அமுங்காது.

அடுத்தது தட்டின் நீளம். புத்தகக் கனம் பலருக்குப் பிடிபடுவதில்லை; ஓர் அடி நீளத்துக்கு அடுக்கினால் ஏழெட்டுக் கிலோ சாதாரணமாக வரும். சீராகப் பரவிய பாரத்தில் ஒரு தட்டு எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் நான்காம் அடுக்கை, அதாவது நீளம் × நீளம் × நீளம் × நீளம் என்ற பெருக்கத்தைப் பொறுத்தது. 2 அடித் தட்டை 3 அடியாக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, ஐந்து மடங்கு ஆகிறது. பலகையின் தடிமன் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது: 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடும். ஆகவே 18 மி.மீ. பலகை, இரண்டரை அடிக்கு மேற்படாத தட்டு என்று வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் நேராக நிற்கும்.

இந்தக் கணக்கில் 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றே உங்கள் அலமாரிக்குப் போதும். கடையிலேயே இயந்திர ரம்பம் வைத்திருப்பவரிடம் வாங்கி, முதலில் 8 அடி நீளவாக்கில் நான்கு பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அறுப்பிலும் ரம்பத்தின் கனத்துக்கு 3 மி.மீ. போகும் என்பதால் ஒரு பட்டையின் அகலம் முழு 12 அங்குலம் வராது. 11¾ அங்குலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நான்கும் ஒரே அளவில் கிடைக்கும். பிறகு முதல் இரண்டு பட்டைகளிலும் 60 அங்குலத்தில் ஒன்றும் 30 அங்குலத்தில் ஒன்றும், மற்ற இரண்டு பட்டைகளிலும் 30 அங்குலத்தில் மும்மூன்றுமாக வெட்டினால், பக்கப்பலகை இரண்டும் தட்டுகள் எட்டும் கிடைக்கும். ஐந்து அடி உயர அலமாரிக்கு மேல்மூடியும் அடித்தட்டும் சேர்த்து ஆறு தட்டுகள் போதும். அடித்தட்டைத் தரையிலிருந்து 3 அங்குலம் தூக்கி வைத்தால் ஐந்து அறைகளும் பத்தரை அங்குல உயரத்தில் அமையும். மிஞ்சும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், மேசைக்கு ஆகும். நீளவாக்கில் அறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மேலடுக்கின் ரேகை 8 அடித் திசையில் ஓடுகிறது, அந்தத் திசையில்தான் தட்டுக்கு வலு அதிகம்.

பொருத்தும் முறை எளிது. பக்கப்பலகைகள் இரண்டையும் அருகருகே படுக்கவைத்து, தட்டு வரும் இடங்களை மூலைமட்டம் வைத்து ஒரே கோடாக இழுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளைப் பசை தடவித் திருகாணியால் பிடியுங்கள். தட்டு அந்த ரீப்பரின்மேல் உட்காரும். வெளியிலிருந்து போடும் 2 அங்குலத் திருகாணி அதை நகராமல் பிடிக்கும், பாரத்தைத் தாங்குவது ரீப்பர்தான். 3 மி.மீ. துளை போடாமல் விளிம்பில் திருகாணியை இறக்காதீர்கள், அடுக்கு பிளந்துவிடும். முதுகுக்கு 6 மி.மீ. பலகை அவசியம். அது தூசிக்காக மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அலமாரி பக்கவாட்டில் சாயாமல் நிற்பது அந்த முதுகுப்பலகையால்தான். 6 அடிக்கு 3 அடி அளவிலும் பலகை கிடைக்கும், அதில் ஒன்று வாங்கினால் போதும்.

செலவைப் பொறுத்தவரை, சதுர அடி 110 ரூபாய் என்று வைத்தால் 32 சதுர அடிக்கு 3,520 ரூபாய். முதுகுப்பலகை, அறுப்புக் கூலி, பசை, திருகாணி, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்தாலும் உங்கள் தொகையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்.

மறுமொழி: வெள்ளிச்சந்தை

இழைப்புளி ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேசைக் கால்களுக்கும் அலமாரியின் ரீப்பருக்கும் மட்டும் புது மரம் வாங்க வேண்டாம் என்பேன். இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்குச் சட்டங்கள் புதுத் தேக்கின் விலையில் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. பல ஆண்டுகள் உத்தரத்திலும் சன்னலிலும் இருந்து உலர்ந்துபோன மரம் என்பதால், இனி அது சுருங்கவோ முறுக்கிக்கொள்ளவோ வாய்ப்புக் குறைவு. சென்னையில் மரத்துக்கு வால்டாக்ஸ் சாலை பெயர்பெற்றது. ஆனால் நான்கு கால்களுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை தாண்டினால் பல்லாவரம், அங்கே வெள்ளிக்கிழமை கூடும் சந்தையில் பழைய சன்னல் சட்டம், கதவு, நாற்காலி, இரும்புக் கட்டில் எல்லாம் தரையில் பரப்பியிருப்பார்கள்.

மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பவர்களிடம் வாங்கும்போது கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 3 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் 10 அடி நீளம் இருந்தால் 60ஐ 144 ஆல் வகுக்க வேண்டும், அரைக் கன அடிகூட இல்லை. "ஒரு துண்டுக்கு இவ்வளவு" என்று சொல்கிற விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் மலிவா இல்லையா என்பது தெரியும்.

சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளும், தட்டினால் மாவு போன்ற தூளும் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அது பழைய கதை. உடைந்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும்; ரம்பம் வைப்பதற்குமுன் ஒரு காந்தத் துண்டை மேலாக நகர்த்திப் பார்ப்பது ரம்பத்தின் பல்லையும் உங்கள் கண்ணையும் காப்பாற்றும். பழைய பெயின்ட் பூசிய மரத்தை, வீட்டில் சிறு குழந்தை இருக்கும்போது, உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் இல்லாத, வார்னிஷ் மட்டும் அடித்த சட்டமாகப் பார்த்து எடுங்கள்.

பேக்கிங் மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலிருந்து கழிக்கும் சரக்குத் தட்டுகள் உங்கள் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலேயே குவிந்திருக்கும். மலிவு என்பது உண்மைதான். ஏற்றுமதிக்குப் போகும் மரக்கட்டுகளில் பூச்சி போகாதபடி பதப்படுத்த வேண்டும் என்று 2002 முதல் ஒரு பன்னாட்டு விதி இருக்கிறது. அதன்படி கோதுமைக்கதிர் போன்ற ஒரு சின்னமும் இரண்டு எழுத்துகளும் சூட்டுமுத்திரையாகப் பதிந்திருக்கும். "எச்.டி." என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் இருந்தது என்று பொருள், அதை எடுக்கலாம். "எம்.பி." என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சுவாயுவைச் செலுத்தியது, அதைத் தொடாதீர்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ சாயமோ ஊறிய கறை உள்ளதும் வீட்டுக்குள் வரக் கூடாது. மேலும், அந்தத் தட்டுகளில் அடிப்பது சுருள்வரி போட்ட ஆணி. கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு ஆணியை அறுக்க வேண்டும். இத்தனை உழைப்புக்குப் பிறகு கிடைப்பது மென்மையான பைன் மரம், கரையானுக்கு விருந்து. உங்கள் கதவு நிலையில் மண்கோடு இருக்கும்போது நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி: அனுபவத்தில்சொல்கிறேன்

பழைய கட்டிலோ திவானோ வாங்குங்கள் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள், மூட்டைப்பூச்சியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இரும்புக் கட்டிலானாலும் குழாயின் திறந்த முனைகளிலும் பற்றவைத்த மூலைகளிலும் அது குடியிருக்கும். வாசலிலேயே நிறுத்தி, எல்லா மூட்டுகளிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். மெத்தையோடு சேர்த்துத் தருகிறேன் என்றால் மெத்தையை மறுத்துவிடுங்கள், இனாமாகக் கொடுத்தாலும்.

மறுமொழி: முடிச்சூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. அறுப்புக் கணக்கைத் தாளில் வரைந்து பார்த்தேன், சரியாக வருகிறது. மூன்று ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஐந்து அடி உயரத்தில் ஓர் அடிகூட அகலமில்லாத அலமாரியின் தட்டுகளைப் பிடித்து என் மகள் ஏறினால் அது முன்பக்கம் கவிழாதா? சுவரில் துளையிட முடியாத நிலையில் எப்படிப் பிடித்து நிறுத்துவது? இரண்டாவது, மரத்துக்கும் பலகைக்கும் மேல்பூச்சாக எதை அடிப்பது, குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லாததாக ஏதேனும் உண்டா? மூன்றாவது, திரைகளையும் இருக்கை விரிப்பையும் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கூடம் பார்ப்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

மறுமொழி: ஊடும்பாவும்

மூன்றாவது ஐயத்துக்கு நான் வருகிறேன். திரைச்சீலைக்குப் புதுத் துணி வாங்குவதற்குமுன் உங்கள் வீட்டுப் பீரோவையும் அம்மாவின் பீரோவையும் திறந்து பாருங்கள். உடுத்துவதில்லை என்று மடித்து வைத்த பருத்திச் சேலை ஒன்றின் நீளம் ஐந்தரை மீட்டர். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் மீட்டர். 7 அடிக் கதவுக்கு மேலும் கீழும் மடித்துத் தைத்தது போகவும் துணி மிஞ்சும். சேலையின் கரை திரையின் இரு ஓரங்களிலும் செங்குத்தாக இறங்கும்; முந்தானை ஒரு பாதியில் மட்டும் வரும் என்பதால் அதைக் கீழ்ப்பக்கம் வருமாறு வைத்து, மற்றப் பாதியை வேறு கதவுக்கு மாட்டுங்கள். திரையின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் மடிப்பு விழும். இல்லையென்றால் கயிற்றில் உலரும் வேட்டிதான். பட்டுச் சேலையை வெயில்படும் சன்னலில் மாட்டாதீர்கள், நிறமும் போகும், நூலும் இற்றுவிடும். மேற்குச் சன்னலுக்கு வந்தவாசிக் கோரைப்பாயை அளவாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் துணிப்பட்டி வைத்துத் தைத்து, உருட்டி ஏற்றும்படி நாடா கட்டினால் வெயில் மட்டுப்பட்டு ஒளி மட்டும் வரும். மழைக்காலத்தில் அதில் பூசணம் பிடிக்கும்; ஐப்பசி பிறந்ததும் சுருட்டிக் காய்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

திவானுக்கு இலவம்பஞ்சு மெத்தை போடுங்கள். உங்கள் பகுதியில் பஞ்சு மெத்தைக் கடைக்காரர் எவரேனும் இருப்பார். கட்டிலின் அளவைக் கொடுத்தால் தைத்துத் தருவார், பழைய பஞ்சு இருந்தால் அதையே அடித்து நிரப்பியும் தருவார். உட்கார்ந்தபின் மெத்தை அமுங்கிய உயரம் தரையிலிருந்து 16 அல்லது 17 அங்குலம் இருந்தால் உங்கள் அம்மா முழங்காலில் கையூன்றாமல் எழுந்திருக்கலாம். இதைக் கட்டில் வாங்கப் போகும்போதே நினைவில் வையுங்கள், மெத்தை வந்தபிறகு திருத்த முடியாது. மேலே விரிக்கப் பவானி ஜமக்காளத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. முரட்டுப் பருத்தி நூலில் நெய்தது, வண்ணப் பட்டைகள் அகலமானவை, அழுக்கானால் துவைக்கலாம், விருந்தினர் கூடினால் எடுத்துத் தரையில் விரித்துவிடலாம். அந்தப் பட்டைகளில் உள்ள நிறம் ஒன்றைத் திரைச்சேலையின் கரையோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்தால் கூடத்துக்கு அதற்குமேல் அலங்காரம் தேவைப்படாது. சுவரில் ஆணியடிக்க முடியாதே என்று வருந்த வேண்டாம். படங்களை அலமாரியின் மேல்மூடியில் சுவரோடு சாய்த்து வைத்தாலே நன்றாக இருக்கும்.

மேசையைப் பற்றி ஓர் ஆசை சொல்கிறேன், இயன்றால் செய்யுங்கள். மிஞ்சும் இரண்டு தட்டுகளையும் ஒட்டி வைத்து 30 அங்குலத்துக்கு 20 அங்குலமாகக் குறைத்தால், 10 அங்குல ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ண சிமென்ட் கல்) ஆறு அதன்மேல் கச்சிதமாக உட்காரும். நான்கு பக்கமும் தேக்கு ரீப்பர் அடித்து விளிம்பு கட்டிவிட்டால் கற்களை ஒட்டவே வேண்டாம்; வீடு மாறும்போது தனியே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். மேல்முகம் மழமழவென்று இருப்பது அந்தக் கண்ணாடியால். சிமென்ட் என்பதால் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். ஆறு கல்லும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்குமேல் வரும். மேசையைக் குழந்தை இழுத்து நகர்த்தப் போவதில்லை.

மறுமொழி: இழைப்புளி

அலமாரி கவிழுமா என்று கேட்டது மிகச் சரியான கேள்வி. கவிழும். காலி அலமாரியைவிட மேல்தட்டுகளில் மட்டும் புத்தகம் அடுக்கிய அலமாரி எளிதாகக் கவிழும். ஆகவே கனமான தொகுதிகளைக் கீழிரண்டு தட்டுகளில் வையுங்கள். மகள் ஆசைப்பட்டு ஏறக்கூடிய பொம்மை, வண்ணப்படப் புத்தகம் எதையும் மேலே வைக்காதீர்கள். முன்கால் பக்கம் ஒரு மெல்லிய தகடு கொடுத்து அலமாரி சற்றே பின்னோக்கிச் சாயும்படி நிறுத்துங்கள். இவை மட்டும் போதா. அலமாரியைச் சன்னலை ஒட்டி நிறுத்தினால், பக்கப்பலகையின் மேற்பகுதியில் ஓர் இரும்புக் கொக்கியைத் திருகி, சாமான் கட்டும் நைலான் பட்டையால் சன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடலாம். சுவரில் கை படாது. சன்னல் தோதாக இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் குழந்தையைக் காரணம் சொல்லி இரண்டு துளைக்கு மட்டும் இசைவு கேளுங்கள், காலி செய்யும்போது புட்டி வைத்து அடைத்துத் தருவதாகவும் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால் அலமாரியை மூன்றடி உயரத்தில் இரண்டாகச் செய்யுங்கள். ஐந்தடி அலமாரியைக் கட்டாமல் நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

தரைத்தளம் என்பதால் அடியில் தூக்கி வைக்கும் 3 அங்குலத்தை மரத்தில் செய்ய வேண்டாம். பக்கப்பலகைகளையே தரையில் ஊன்றாமல், அவற்றின் கீழே கடப்பாக் கல் துண்டுகளை வையுங்கள். சமையல்மேடை வேலை நடக்கும் இடங்களில் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடக்கும். அப்படிச் செய்தால் பக்கப்பலகையை 57 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். துடைப்பத் தண்ணீரும் மரத்தில் ஏறாது. சுவருக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, அடிக்கடி கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கரையான் வெளிச்சத்துக்கு வராமல் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும், கல்லின்மேல் அந்தக் கோடு தெரிந்தால் உடனே தட்டிவிடலாம். கதவு நிலையில் இருக்கும் கரையான் வேறு விஷயம். அது தரைக்கு அடியிலிருந்து வருகிறது. மருந்து செலுத்துவது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. அலமாரியை வீட்டுக்குள் ஏற்றுவதற்குமுன் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

மேல்பூச்சுக்கு அரக்கைச் சொல்வேன். அரக்குச் செதில்களைப் பாலிஷ் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, பருத்தித் துணியை உருண்டையாக்கித் தொட்டுத் தொட்டுப் பூசுவது. ஸ்பிரிட் ஆவியானபின் மிஞ்சுவது அரக்கு மட்டும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகப் போடுவதும் அரக்குதான் என்பதால் குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் 120, அடுத்து 220 எண் உப்புத்தாளை ரேகையோடு தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை கொடுங்கள். பூசும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக் கூடாது, குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. அரக்கின் குறை, சூடான பாத்திரம் வைத்தாலும் தண்ணீர் தேங்கினாலும் வெள்ளையாகத் தடம் விழும். அலமாரிக்கு அதனால் கேடில்லை. மேசைக்கு மேலே கல் வரப்போவதால் அங்கும் கவலையில்லை. பிளைவுட்டின் அறுத்த விளிம்புகளுக்கு பீடிங் என்ற மெல்லிய தேக்குப் பட்டியை ஒட்டுங்கள். அழகுக்காக மட்டுமன்று, ஈரம் நுழையும் வழி அதுதான்.

சிலர் ஆளிவிதை எண்ணெயைப் பரிந்துரைப்பார்கள். பழைய தேக்கின்மேல் அது தரும் நிறம் அருமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும்; துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். பயன்படுத்தினால், துணியை உடனே தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.

மறுமொழி: முடிச்சூர்வாசி

சன்னலை ஒட்டி நிறுத்த இடம் இருக்கிறது, பட்டை போட்டுக் கட்டிவிடுகிறோம். கரையானைப் பற்றி வீட்டுக்காரரிடம் இன்றே பேசுகிறேன். பலகை வாங்குவதற்குமுன் வரும் வெள்ளிக்கிழமை பல்லாவரம் போய்வரலாம் என்று நினைக்கிறோம். காலையில் போவது நல்லதா, மாலையிலா?

மறுமொழி: வெள்ளிச்சந்தை

நல்ல மரம் வேண்டுமென்றால் காலையில், பேரம் வேண்டுமென்றால் பொழுது சாயும்போது. திருப்பி ஏற்றிக்கொண்டு போக மனமில்லாதவர்கள் மாலையில் இறங்கி வருவார்கள். ஆனால் நேரான சட்டங்கள் அதற்குள் போயிருக்கும். உங்களுக்குக் கால்கள் நான்கும் ஒரே கனத்தில் வேண்டியிருப்பதால் காலையிலேயே போங்கள். அளவுநாடா, காந்தம், கட்டுவதற்குக் கயிறு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிலும் அன்றே அமைந்துவிட்டால் ரயிலை மறந்துவிட்டு ஒரு சரக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் கட்டிலின் விலையைப் பேச வேண்டும்.